ராஜிநாமாவும் நம் அறிவுஜீவிகளும்

நம் வட்டத்து நண்பர்கள் சிலருக்கு ராஜிநாமா என்ற சொல்லைக் கேட்டாலே ஓர் ஏளனச் சிரிப்பு வந்துவிடுகிறது. அது பாமரத்தனமான கோரிக்கையாம். மத்தியதர வர்க்கத்தின் ஒழுக்கப் பாசாங்காம். தினசரிகளில் தலையங்கம் எழுதுகிறவர்கள் கவலைப்படவேண்டிய விஷயமாம். கவிதையும் விமர்சனமும் எழுதுகிறவர்களுக்கு அதில் என்ன வேலை என்கிறார்கள். சட்டம் கொஞ்சம் தெரிந்த நண்பர்கள் வேறு விதமாகச் சொல்கிறார்கள். குற்றச்சாட்டு வேறு, நிரூபணம் வேறு. சாட்டிய மாத்திரத்தில் ஒருவன் பதவியை விட்டு இறங்கவேண்டுமென்றால் சாட்டுகிறவன் கையில் அல்லவா ராஜ்யம் போய்விடும்? முதல் கட்சியாரோடு இப்போதைக்கு எனக்குப் பேச்சில்லை. அவர்களிடம் கடைசியில் வருகிறேன். இரண்டாவது கட்சியாரின் வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. பாதி உண்மை இருப்பதால்தான் அதை எதிர்த்து எழுதவேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடுகிறேன். ராஜிநாமா என்று பேச்சு எடுத்ததுமே நம்மவர்கள் அரியலூருக்குப் போய்விடுவார்கள். 1956 நவம்பரில் அரியலூர் ரயில் விபத்து. ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி விலகினார். அதற்குச் சில மாதம் முன்னால் மெஹபூப்நகர் விபத்தின்போதே விலக முன்வந்தவர் அவர்; நேரு அப்போது ஏற்கவில்லை. மேன்மையான காரியம், சந்தேகமில்லை. ஆனால் இங்கே அது உதாரணமாகாது. சாஸ்திரி எந்த விதியையும் மீறவில்லை. தன் துறையில் நேர்ந்துவிட்ட ஒன்றுக்குத் தலை கொடுத்தார். நான் பேச வந்தது வேறு ஜாதி. ஊருக்கெல்லாம் ஒரு விதியை எழுதி, மீறுகிறவனுக்கு அபராதமும் நிர்ணயித்துவிட்டு, அந்த விதியைத் தானே மீறினான் என்று சாட்டப்படுகிறவனைப் பற்றியது இது. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவைத்திருப்பதால்தான், சாஸ்திரியைப் போல் எல்லோரும் மகானாக முடியுமா என்று கேட்டுத் தப்பித்துக்கொள்ள வழி கிடைக்கிறது. நான் யாரையும் மகானாகச் சொல்லவில்லை. தான் எழுதிய வாக்கியத்தைத் தானே படிக்கச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

கலப்படமில்லாத உதாரணம் பிரிட்டனில் கிடைக்கிறது. 2020 மார்ச் 23 அன்று பிரதமர் போரிஸ் ஜான்சன் தொலைக்காட்சியில் தோன்றி, வீட்டுக்குள் இருங்கள் என்று ஜனங்களுக்கு உத்தரவிட்டார். சில நாட்களில் அது சட்டமாயிற்று. மீறியவர்களுக்குப் போலீஸ் அபராதம் போட்டது. சாகக்கிடந்த தகப்பனின் கையைப் பிடிக்க மகளால் போகமுடியவில்லை. சவ அடக்கங்களில் விரல்விட்டு எண்ணக்கூடிய பேர்கள் எட்ட எட்ட நின்றார்கள். இந்த விலையைக் கொடுத்து அந்த ஜனங்கள் விதியைக் காப்பாற்றினார்கள். அதே வருஷம் மே 20 மாலை, வெளியிடத்தில் வேறு வீட்டார் ஒருவரைத்தான் சந்திக்கலாம் என்று ஒரு மந்திரி தொலைக்காட்சியில் விளக்கி முடித்த சற்று நேரத்தில், பிரதமர் வசிக்கும் டவுனிங் தெரு 10-ஆம் எண் வீட்டுத் தோட்டத்தில் கூட்டம் கூடிற்று. அவரவர் மதுவை அவரவர் கொண்டுவரலாம் என்று பிரதமரின் தனிச்செயலாளர் அழைப்பு அனுப்பியிருந்தார். பிரதமர் அங்கே இருந்தது, அவர் கணக்குப்படியே, 25 நிமிஷம். ஜூன் 19-ல் பிரதமரின் பிறந்தநாளுக்கு மந்திரிசபை அறையிலேயே கூடினார்கள். 2021 ஏப்ரல் 16 இரவு அதே கட்டடத்தில், பிரதமர் ஊரில் இல்லாதபோது, மதுவோடு கூட்டம். மறுநாள் கணவரின் சவ அடக்கத்தில் ராணி, விதிப்படி, தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தார்.

2021 நவம்பர் கடைசியில் விஷயம் பத்திரிகையில் வந்தது. டிசம்பர் 1 அன்று பிரதமர் பார்லிமெண்டில், எல்லா வழிகாட்டுதல்களும் முழுமையாகப் பின்பற்றப்பட்டன என்றார். ஒரு வாரம் போயிற்று. விருந்து எதுவும் நடக்கவில்லை என்று தனக்கு உறுதி சொல்லப்பட்டிருக்கிறது என்றார். அவர் சொன்னது முந்தைய வருஷ டிசம்பரில் நடந்த ஒரு குறிப்பிட்ட விருந்தைப் பற்றி என்று நண்பர்கள் வாதாடலாம். சரி. ஆனால் முதல் வாரம் 'எல்லா' என்று சொன்னவர் மற்றக் கூட்டங்களில் தானே நின்றவர். தான் நின்ற இடத்தில் என்ன நடந்தது என்பதைப் பிறர் உறுதி சொல்லித் தெரிந்துகொள்ளவேண்டிய நிலைமை ஒரு மனிதனுக்கு எப்படி வரும்? 2022 ஜனவரியில் தோட்டக் கூட்டத்தை ஒப்புக்கொண்டபோது, அதை வேலை நிமித்தமான கூட்டம் என்று நினைத்ததாகச் சொன்னார். பிறகு, விசாரணை முடியட்டும் என்றார். வேடிக்கை என்னவென்றால், முதலில் விசாரிக்க நியமிக்கப்பட்ட காபினெட் செயலாளர், தன் அலுவலகத்திலேயே ஒரு கூட்டம் நடந்தது வெளியே வந்ததும் அந்தப் பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார். விசாரிக்க வந்தவர் போனார். விசாரிக்கப்பட வேண்டியவர் இருந்தார்.

2022 ஏப்ரல் 12 அன்று போலீஸ் பிரதமருக்கு அபராதம் விதித்தது. மொத்தத்தில் 83 பேருக்கு 126 அபராதங்கள். அப்போதும் அவர் போகவில்லை. ஜூன் 6 அன்று சொந்தக் கட்சி எம்.பி.க்கள் 211-க்கு 148 என்று அவரைக் காப்பாற்றினார்கள். ஜூலை 7 அன்று பதவி விலகுவதாக அறிவித்ததுகூட வேறொரு விவகாரத்தில். 2023 ஜூனில் பார்லிமெண்ட் குழு, அவர் சபையை வேண்டுமென்றே தவறாக நம்பவைத்தார் என்று முடிவு செய்தது. இன்னும் உறுப்பினராக இருந்திருந்தால் 90 நாள் விலக்கிவைக்கவேண்டும் என்றது. சபை அதை 354-க்கு 7 என்று ஏற்றது. முதல் செய்தியிலிருந்து இதுவரை ஒன்றரை வருஷம்.

இந்த ஒன்றரை வருஷத்தில் ஜான்சனுக்குப் புதிதாகத் தெரியவந்தது என்ன? ஒன்றுமில்லை. என் வாதம் முழுவதும் இந்த இடத்தில்தான் நிற்கிறது. குற்றம் நிரூபிக்கப்படும்வரை நிரபராதி என்ற கோட்பாடு, மற்றவர்களுக்கு உண்மை தெரியாது என்பதால் ஏற்பட்டது. அரசாங்கத்தின் கை எளியவன் கழுத்தில் அவசரப்பட்டு விழாமல் தடுக்க ஏற்பட்டது. நீதிபதிக்குத் தெரியாது, ஊருக்குத் தெரியாது, ஆகவே காத்திருக்கிறோம். சாட்டப்பட்டவனுக்கோ தெரியும். அவன் எதற்காகக் காத்திருக்கவேண்டும்? சாதாரணக் குற்றத்திலாவது, நான் செய்தது இந்தச் சட்டப்பிரிவில் வருமா என்று ஒருவன் நியாயமாகக் குழம்பலாம். சட்டத்தை எழுதியவனுக்கு அந்தக் குழப்பத்துக்கும் பாத்தியதை இல்லை. தினம் மாலையில் தொலைக்காட்சியில் நின்று அந்த விதிக்கு வியாக்கியானம் சொன்னதே அவன் அரசாங்கம்தான். செய்கையும் அவனுக்குத் தெரியும், விதியும் தெரியும். மிச்சமிருப்பது வெளியே சொல்வது மட்டும்.

ஆகவே சாட்டப்பட்டவன் உடனே விலகவேண்டுமா என்ற கேள்வியையே நான் மாற்றிக் கேட்கிறேன். அவனுக்கு இரண்டு பதில்கள் உண்டு. மீறினேன் என்றால் அன்றைக்கே போகவேண்டும். மீறவில்லை என்றால் அதைத் தெளிவாகச் சொல்லி, பொய் என்று தெரிந்தால் பதவி இல்லை என்று பதவியையே பணயம் வைக்கவேண்டும். 2022 மே மாதம் எதிர்க்கட்சித் தலைவர் கீர் ஸ்டார்மர் இப்படித்தான் செய்தார். அவர் மேலும், முந்தைய வருஷம் டர்ஹாமில் ஊழியர்களோடு பீர் குடித்தார் என்று சாட்டினார்கள். அபராதம் வந்தால் விலகுகிறேன் என்று முன்கூட்டியே சொன்னார். ஜூலையில் போலீஸ் அவர்மேல் தவறில்லை என்றது. அதில் அரசியல் கணக்கு இருந்திருக்கலாம், இருக்கட்டும். வாக்கியத்துக்கும் ஆளுக்கும் நடுவே ஒரு முடிச்சுப் போட்டார். சொல்லக்கூடாத பதில் ஒன்றே ஒன்று: 'விசாரணை முடியட்டும்.'

நான் பி.ஏ.யில் ஆங்கில இலக்கியம் படித்தவன். ஷேக்ஸ்பியரின் 'மெஷர் ஃபார் மெஷர்' நாடகத்தில் ஏஞ்சலோ என்று ஓர் அதிகாரி வருகிறான். செத்துக்கிடந்த ஒழுக்கச் சட்டம் ஒன்றை உயிர்ப்பித்து ஒருவனுக்கு மரண தண்டனை விதிக்கிறான். அதே குற்றத்தைத் தான் செய்ய முற்படுகிறான். பாசாங்குக்காரன், கொடியவன். அவன்கூட, ஆரம்பத்தில், நான் இதைச் செய்தால் இதே தீர்ப்பு எனக்கும் என்கிறான். கடைசியில் அகப்பட்டுக்கொண்டதும் விசாரணையை நீட்டாமல் தண்டனையைக் கேட்கிறான். ஷேக்ஸ்பியரைப் பற்றிப் புத்தகம் எழுத ஒப்பந்தம் செய்துகொண்டவர் ஜான்சன். இந்த நாடகத்துக்கு வந்தபோது பக்கங்களைப் புரட்டிவிட்டாரோ என்னவோ.

நான் வங்கி குமாஸ்தா. எங்கள் தொழிலில் தன் வவுச்சரைத் தானே பாஸ் செய்யக்கூடாது என்பது பாலபாடம். எழுதுகிறவன் ஒருவன், சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன் இன்னொருவன். கையாடல் சந்தேகம் என்று வந்தால் காஷியரைச் சஸ்பெண்ட் செய்துவிட்டுத்தான் விசாரணை தொடங்கும். முதல் மூன்று மாதம் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு, பிறகு பாதி. விசாரணை முடியும்வரை நான் கவுண்டரிலேயே இருக்கிறேன் என்று எந்தக் காஷியரும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள். பிரிட்டனில் மந்திரிகளுக்கான நடத்தை விதிகளுக்கு இறுதி நீதிபதி பிரதமரே. 2022 மே 25 அன்று விருந்துகளைப் பற்றிய முழு அறிக்கை வந்தது. இரண்டே நாளில் அந்த நடத்தை விதிகள் திருத்தப்பட்டன. ஒவ்வொரு மீறலுக்கும் பதவி விலகவேண்டியதில்லை, மன்னிப்போ சம்பள இழப்போ போதும் என்று. வவுச்சரைத் தானே பாஸ் செய்தது மட்டுமல்ல, லெட்ஜரின் தலைப்பையும் மாற்றியாயிற்று.

மறுபக்கத்தில் வலுவான உதாரணம் நார்வேயினுடையது; அதை மறைக்க நான் விரும்பவில்லை. பிரதமர் எர்னா சோல்பெர்க் தன் 60-ஆவது பிறந்தநாளுக்குக் குடும்பத்தாரோடு விருந்து ஏற்பாடு செய்தார். பத்துப் பேருக்கு மேல் கூடக்கூடாது என்பது அவருடைய அரசாங்கத்தின் விதி. 2021 ஏப்ரலில் 20,000 குரோனர் அபராதம். தவறு என்று மன்னிப்புக் கேட்டார், கட்டினார், பதவியில் இருந்தார். செப்டம்பர் தேர்தலில் தோற்றார். ஜனங்கள் தீர்த்துக்கொள்வார்கள், ராஜிநாமா எதற்கு என்பதற்கு இது சாட்சி என்பார்கள். சோல்பெர்க் சொல்லின் அர்த்தத்தோடு விளையாடவில்லை. அந்த மரியாதை அவருக்கு உண்டு. ஆனால் அபராதம் விதித்த போலீஸ் அதிகாரி சொன்ன காரணத்தைக் கவனிக்கவேண்டும். இம்மாதிரி விஷயங்களில் பெரும்பாலும் அபராதம் போடுவதில்லை. ஆனால் கட்டுப்பாடுகளை முன்னின்று அறிவித்தவர் பிரதமர். விதிகளில் ஜனங்களுக்கு நம்பிக்கை நிற்கவேண்டுமானால் அவருக்குப் போடத்தான் வேண்டும். விதியை எழுதியவன் மற்றவர்களைவிட அதிகம் கட்டுப்பட்டவன் என்று ஒரு போலீஸ்காரருக்குத் தெரிந்திருக்கிறது. அந்தத் தர்க்கத்தை முடிவுவரை கொண்டுபோனால் அபராதத்தோடு அது நிற்காது. தேர்தல் என்பது நூறு விஷயங்களுக்கு ஒரே ஓட்டு. இந்த ஒரு விஷயத்துக்குப் பதில் சொல்லவேண்டியவர் அவர்தான், வாக்காளர் அல்ல.

இனி, ராஜ்யம் சாட்டுகிறவன் கைக்குப் போய்விடும் என்ற பயம். இது வெறும் பயமல்ல. 2025 ஆகஸ்ட் 20 அன்று நம் லோக்சபையில் அரசியல் சட்டத்தின் 130-ஆவது திருத்த மசோதா அறிமுகமாயிற்று. ஐந்து வருஷமோ அதற்கு மேலோ தண்டனை வரக்கூடிய குற்றத்துக்குக் கைதாகித் தொடர்ந்து 30 நாள் காவலில் இருக்கும் பிரதமரோ முதல்வரோ மந்திரியோ பதவி இழப்பார் என்கிறது அது. குற்றப்பத்திரிகைகூட வேண்டாம், ஜாமீன் கிடைக்காமல் இருந்தால் போதும். நான் கேட்பது இது என்று நண்பர்கள் நினைத்தால் என்னைச் சரியாகப் படிக்கவில்லை. இது விலக்குதல், நான் பேசுவது விலகல். இதில் முடிவு செய்கிறவன் கைது செய்கிறவன். தான் என்ன செய்தோம் என்று தெரிந்த ஆள் இதில் எங்குமே இல்லை. ராஜிநாமாவைக் கொடுக்கத்தான் முடியும், பிடுங்க முடியாது. ஆனால் இதையும் சொல்லவேண்டும்: கொடுக்கவேண்டியவர்கள் கொடுக்காத இடத்தில்தான் பிடுங்குகிறவன் நியாயவானாக வேஷம் போட்டுக்கொண்டு வருகிறான். விசாரணை முடியட்டும் என்று ஒவ்வொரு மந்திரியும் சொல்லிச் சொல்லி, தானாகப் போவதென்ற வழக்கத்தையே அழித்துவிட்டு, பிறகு மசோதா வந்ததும் ஜனநாயகம் போயிற்று என்றால் என்ன அர்த்தம்?

முதல் கட்சியாருக்கு வருகிறேன். கவிதை எழுதுகிறவனுக்கு இதில் என்ன வேலை என்கிறார்கள். தோட்டத்தில் மதுவோடு கூடியதற்கு 'வேலை' என்று பெயர் வைக்கும்போது, அந்தச் சொல்லுக்கு என்ன நேர்கிறது என்று பார்க்கவேண்டியவன் வேறு யார்? 'எல்லா', 'முழுமையாக', 'உறுதி' என்ற சொற்கள் ஒரே வாரத்தில் உள்ளீடற்றுப் போயின. சட்டம் என்பதும் எழுதப்பட்ட வாக்கியம்தான். கவிதையை யாரும் அபராதத்துக்குப் பயந்து படிப்பதில்லை என்பது ஒன்றே வித்தியாசம். எழுதினவனே அதற்குள் இல்லை என்றால் மற்றவர்கள் எதற்காக அதற்குள் இருக்கவேண்டும்?

நம் ஆட்களின் சிரிப்புக்குக் காரணம் தத்துவம் என்று நான் நம்பவில்லை. ஸ்தாபனத்தின் பரிசுகளை எவனும் தொடக்கூடாது என்று பிரகடனம் எழுதியவர்கள் நம்மிடையே உண்டு. வணிகப் பத்திரிகையில் எழுதியவனை ஜாதிப் பிரஷ்டம் செய்தவர்களும் உண்டு. அவர்களில் சிலர் பிறகு பரிசையும் வாங்கினார்கள், அதே பத்திரிகைகளில் தொடரும் எழுதினார்கள். செய்யட்டும், மனிதன் மாறலாம். ஆனால் அந்தப் பிரகடனத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்றோ, இனி யாருக்கும் தராசு பிடிக்கமாட்டேன் என்றோ ஒருவர்கூட ஒரு வரி எழுதவில்லை. அதே பீடத்தில் உட்கார்ந்துகொண்டு அடுத்த தலைமுறைக்குத் தீர்ப்பு வழங்கிக்கொண்டிருக்கிறார்கள். ராஜிநாமா என்றதும் அவர்களுக்குச் சிரிப்பு வருகிறது. டவுனிங் தெருவில் கேட்ட கேள்வி இந்தத் தெருவுக்கும் வந்துவிடக்கூடாதே என்ற சிரிப்பு அது. வந்தாயிற்று.