நலாக்சோன் நோயாளியின் வீட்டில் இருக்க வேண்டும்



வலி மாத்திரைகளைப் போதைக்காக விற்பவர்கள் மீதான நடவடிக்கை தேவைதான். ஆனால் அரசின் கவனம் அத்தோடு நின்றுவிடுகிறது. மருத்துவர் எழுதிக்கொடுத்த மார்ஃபின் மாத்திரையோ ஃபென்டனில் பேட்ச்சோ பயன்படுத்தும் நாள்பட்ட வலி நோயாளிக்கும், உடம்பில் மருந்து மிஞ்சினால் மூச்சு அடங்கும். தூக்கம் வரவில்லையென்று ஒரு தூக்க மாத்திரையைச் சேர்த்துப் போட்டாலும் ஆபத்து; பேட்ச் ஒட்டிய இடத்தில் வெந்நீர்ப் பையை வைத்தால் மருந்து வேகமாக உள்ளே இறங்கும். ஒத்தடமே முதல் வைத்தியமான நம் வீடுகளில் இதை யார் எடுத்துச் சொல்கிறார்கள்? மூச்சு குறையும்போது நோயாளி பலமாகக் குறட்டை விடலாம். வலியில் கண் மூடாதவர் இன்றாவது அயர்ந்து தூங்கட்டும் என்று வீட்டார் விளக்கை அணைத்துவிட்டுப் போவார்கள். தட்டி எழுப்பியும் எழவில்லையென்றால் அது தூக்கமல்ல, உடனே 108ஐ அழைக்க வேண்டும் என்பதை மருந்து கொடுக்கும்போதே சொல்லி அனுப்ப வேண்டாமா?

மார்ஃபின், ஃபென்டனில் போன்ற மருந்துகளின் விளைவை முறிக்கும் நலாக்சோன், நமது தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஊசியாக இருக்கிறது. ஆனால் அது மருத்துவமனைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. மூச்சு நிற்பதோ வீட்டில். அருகில் இருப்பவர்களுக்கு அது கிடைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014லேயே பரிந்துரைத்துவிட்டது. சான் பிரான்சிஸ்கோவில் நீண்டகாலம் இவ்வகை வலி மருந்து எடுத்துவந்த 1,985 பேரைப் பற்றிய ஆய்வு 2016ல் வெளியானது. நலாக்சோன் எழுதிக்கொடுக்கப்பட்டவர்கள் இம்மருந்துகளால் அவசரப் பிரிவுக்கு வருவது, ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, மற்றவர்களைவிட 63 சதவீதம் குறைவாக இருந்தது. முறிவு மருந்து கையில் இருந்தால் துணிந்து அளவை மீறுவார்கள் என்பவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு: நலாக்சோன் பெற்றவர்களுடைய வலி மருந்தின் அளவு கூடவில்லை.

ஆபத்தான மருந்தை நிறுத்திவிடலாமே என்பது சிலரின் வாதம். திடீரென நிறுத்தினால் தாங்க முடியாத வலியும் தற்கொலையும்கூட நேரலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2019ல் எச்சரித்தது. 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் மார்ஃபின் கிடைக்காமல் நோயாளிகள் துடித்த பிறகுதான், 2014ல் அச்சட்டத்தைத் தளர்த்தினோம். மறுபடியும் அங்கே போகக் கூடாது.

நலாக்சோனின் வேலை ஒன்றரை மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடலாம். அதனால் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை உயிரைப் பிடித்துவைக்க அது போதும். அமெரிக்காவில் 2023 முதல் மருந்துச்சீட்டு இல்லாமலே விற்கப்படும் நலாக்சோன் மூக்கு ஸ்ப்ரேயை இங்கும் அரசு மருத்துவமனைகள் தர வேண்டும். அதிக அளவு மருந்து எடுப்பவர்கள், கூடவே தூக்க மாத்திரை போடுபவர்கள், நுரையீரல் நோயுள்ளவர்கள் ஆகியோரின் வீட்டாருக்கு முதலில் கொடுத்து, அடிக்கும் முறையையும் மக்கள் நல்வாழ்வுத் துறை கற்றுத்தர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி