பிணைப்பும் இணைப்பும்

மணி காட்டுவதற்கென்றே அணியப்பட்டு வந்த கைக்கடிகாரம் இன்று நடையை எண்ணுகின்றது, நாடித்துடிப்பைக் கணக்கிடுகின்றது, உறக்க நேரத்தைக் குறித்துக்கொள்கின்றது, கைபேசிக்கு வரும் செய்தியை மணிக்கட்டிலேயே காட்டுகின்றது. ஸ்மார்ட் வாட்ச் என்றும் ஃபிட்னஸ் பேண்ட் என்றும் வழங்கும் இக்கருவிகள் நகரங்களோடு நில்லாமல் சிற்றூர்களையும் எட்டிவிட்டன. விவசாய விரிவாக்க ஊழியர், கிராமச் செவிலியர், பள்ளி ஆசிரியர் ஆகியோர் கைகளிலும் இவற்றைக் காணலாம். ஆயினும் இக்கருவி தனித்து நின்று முழுப்பயன் தருவதில்லை. அது திரட்டும் விவரங்களைத் தொகுத்துக் காட்டுவதற்கு ஆண்ட்ராய்டு கைபேசி ஒன்றுடன் அதனைச் சேர்த்து வைத்தல் அவசியமாகின்றது.

இக்காரியத்தைக் கருவிக்கு உரியவரே செய்வது பல இடங்களில் வழக்கமாக இல்லை. கடைச் சிப்பந்தியோ, வீட்டிலுள்ள இளைஞரோ கைபேசியை வாங்கித் திரையில் தோன்றும் ஒவ்வொரு வினாவுக்கும் 'அனுமதி' என்பதைத் தொட்டு, ஐந்து நிமிடங்களில் வேலையை முடித்துத் திருப்பித் தந்துவிடுகின்றனர். கருவி ஓடத் தொடங்கினால் உரியவரும் திருப்தி அடைந்துவிடுகின்றார். இவ்வழக்கம் மாற வேண்டும். அந்த ஐந்து நிமிடங்களில் நடைபெறுவது இயந்திர வேலை மட்டுமன்று. ஒருவருடைய உடலைப் பற்றியும் நடமாட்டத்தைப் பற்றியும் எவரெவர் அறியலாம் என்னும் தீர்மானமும் அப்பொழுதே செய்யப்படுகின்றது. அத்தீர்மானத்தைச் செய்ய வேண்டியவர் கருவியை அணிபவரேயன்றிப் பிறர் அல்லர்.

இதனை விளங்கிக்கொள்ள, இரு கருவிகளுக்கும் இடையே நிகழ்வது யாது என்பதை அறிதல் நலம். இவை புளூடூத் என்னும் வானொலி முறையால் பேசிக்கொள்கின்றன. 10-ஆம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்டு புளூடூத் என்னும் அரசனின் பெயரே இம்முறைக்குச் சூட்டப்பட்டது. மின்கலத்தில் மிகச் சிக்கனமாக இயங்கும் அதன் குறைசக்தி வகை, 2010-இல் வெளிவந்த 4.0 பதிப்பில் சேர்க்கப்பட்டது. சிறு மின்கலத்தைக் கொண்டே ஒரு பட்டை பல நாட்கள் இயங்குவதற்கு இவ்வகை பெரிதும் துணைபுரிகின்றது. இது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை 40 தடங்களாகப் பகுத்துக்கொண்டு, அவற்றுள் 3 தடங்களைத் தன் இருப்பை அறிவிப்பதற்கென ஒதுக்கி வைத்துள்ளது. யாருடனும் சேராத பட்டை, 'இங்கே இருக்கின்றேன்' என்று அத்தடங்களில் இடைவிடாது அறிவித்துக்கொண்டிருக்கும். கைபேசி அவ்வறிவிப்பைக் கேட்டுப் பட்டையின் பெயரைத் திரையில் காட்டுகின்றது.

உரியவர் அப்பெயரைத் தொட்டவுடன் இரு கருவிகளும் ஓர் இரகசியத் திறவுகோலை உருவாக்கிக்கொள்கின்றன. 2014-இல் வந்த 4.2 பதிப்பு முதல், காற்றில் செல்லும் சமிக்ஞையை ஒட்டுக் கேட்பவருக்கு அத்திறவுகோல் புலப்படாதவாறு கணிதமுறை ஒன்று கையாளப்படுகின்றது. சில கருவிகளில் இரு திரைகளிலும் ஆறு இலக்க எண் ஒன்று தோன்றும். அவ்விரண்டும் ஒன்றே என்பதைக் கண்ணால் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே ஒப்புதல் தர வேண்டும். இடையில் வேறொரு கருவி புகுந்திருக்குமாயின் எண்கள் வேறுபட்டுவிடும். தற்செயலாக ஒத்துப்போவதற்குப் பத்து இலட்சத்தில் ஒரு பங்கே வாய்ப்புண்டு. ஒப்பிடாமலே ஒப்புதல் தருபவர் இப்பாதுகாப்பை இழந்துவிடுகின்றார். எண் காட்டாத எளிய பட்டைகளில் இச்சோதனைக்கு இடமில்லை. ஆகவே, அவற்றைக் கூட்டம் மிகுந்த இடத்தில் சேர்க்காமல் வீட்டிலோ தனியறையிலோ சேர்ப்பதே விவேகம்.

இவ்விடத்தில் மொழி பற்றிய குறை ஒன்றையும் கூற வேண்டியுள்ளது. முதன்முறை திறவுகோலை உருவாக்கி ஒன்றையொன்று நினைவில் வைத்துக்கொள்வது ஒரு செயல். அதன்பின் நாள்தோறும் அருகில் வரும்போது தொடர்பு கொள்வது மற்றொரு செயல். முன்னது ஒருமுறை நிகழ்வது; பின்னது பன்முறை அறுந்து பன்முறை கூடுவது. தமிழில் இரண்டுக்கும் 'இணைத்தல்' என்ற ஒரே சொல் வழங்கி வருவதால் குழப்பம் விளைகின்றது. 'இணைக்கப்படவில்லை' என்று திரை கூறும்போது, பட்டை சற்றுத் தொலைவில் இருக்கின்றதா, உறவே முறிந்துவிட்டதா என்பது பயனாளிக்கு விளங்குவதில்லை. அவர் அனைத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகின்றார். சில வேளைகளில் சேமித்த விவரங்களையும் இழக்கின்றார். முதற்செயலைப் 'பிணைத்தல்' என்றும் இரண்டாம் செயலை 'இணைத்தல்' என்றும் பிரித்து வழங்கினால் இத்தொல்லை பெரிதும் நீங்கும். இரண்டும் பழகிய சொற்களே. புதுச்சொல் படைக்கும் பிரயாசையும் இதில் இல்லை.

இவ்வேற்றுமையை அறிந்தவருக்கு வழக்கமான இடர்ப்பாடுகளின் காரணமும் தெளிவாகும். பட்டை கைபேசியின் தேடலில் அகப்படவில்லையாயின், அது ஏற்கெனவே வேறொரு கைபேசியோடு இணைந்திருத்தல் கூடும். அந்நிலையில் பல பட்டைகள் தம் இருப்பை அறிவிப்பதை நிறுத்திவிடுகின்றன. பழைய கைபேசியில் புளூடூத்தை அணைத்தாலோ, அங்குள்ள பிணைப்பை நீக்கினாலோ பட்டை மீண்டும் தென்படும். அடுத்து, கைபேசியின் பொது அமைப்புப் பக்கத்தில் பிணைத்துவிட்டு, நிறுவனத்தின் செயலி பட்டையைக் காணவில்லை என்று வருந்துவோர் உளர். பெரும்பான்மையான பட்டைகளைச் செயலியின் உள்ளிருந்தே பிணைத்தல் வேண்டும். ஆசிரியர் அறையில் ஒரே வகைப் பட்டைகள் பல இருக்குமிடத்து, பெயருடன் காட்டப்படும் அடையாள எண்ணின் இறுதிப் பகுதியை ஒத்துப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

பிணைப்பை ஒட்டி அனுமதி வினாக்கள் வரிசையாக வருகின்றன. அதிக கவனம் தேவைப்படும் கட்டம் இதுவே. முதல் வினா இருப்பிடத்தைப் பற்றியது. கைக்கடிகாரத்தைச் சேர்ப்பதற்கு ஊர் பெயர் எதற்கு என்று ஐயுறுதல் இயல்பு. அருகிலுள்ள புளூடூத் கருவிகளைத் தேடும் செயலி, அவை நிலையாக இருக்கும் இடங்களைக் கொண்டு கைபேசி எங்குள்ளது என்று ஊகித்துவிட முடியும். அதனால் 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல் 11-ஆம் பதிப்பு வரையில், இத்தேடலுக்கு இருப்பிட அனுமதி தேவையென வைக்கப்பட்டது. 2021-இல் வந்த 12-ஆம் பதிப்பில் 'அருகிலுள்ள சாதனங்கள்' என்னும் தனி அனுமதி ஏற்படுத்தப்பட்டது. ஆகவே, புதிய கைபேசிகளில் பிணைப்புக்கு மட்டும் இருப்பிடம் தேவைப்பட வேண்டியதில்லை. நடந்து சென்ற பாதையைப் படமாகக் காண விரும்புவோர் அதனைத் தரலாம். அப்பொழுதும் 'செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும்' என்ற விடை போதுமானதா என்று முதலில் பார்த்தல் நன்று.

அடுத்தது, கைபேசிக்கு வரும் அறிவிப்புகளைப் படிக்கும் உரிமை. செய்திகள் மணிக்கட்டில் தோன்ற வேண்டுமாயின் இது தேவையே. ஆனால், இவ்வுரிமையைப் பெற்ற செயலி குடும்பச் செய்தியையும் அலுவலகச் செய்தியையும் ஒருசேரப் படிக்க வல்லது. வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல்லும் அவற்றுள் அடங்கக் கூடும். நடையை எண்ணுவதற்காகப் பட்டை வாங்கியவருக்கு இவ்வனுமதி சிறிதும் தேவையில்லை. தொடர்பு எண்கள், குறுஞ்செய்திகள், படங்கள் ஆகியவற்றைக் கேட்கும் வினாக்களும் இவ்வாறே. ஒவ்வொன்றுக்கும் 'இன்ன பயனுக்கு இது வேண்டும்' என்று தமக்குத் தாமே விடை கூற இயன்றால் அனுமதிக்கலாம், இயலாவிடின் மறுத்துவிடலாம். மறுத்ததால் ஒரு வசதி நின்றுபோகுமாயின், பின்னர் அமைப்புப் பக்கத்துக்குச் சென்று அனுமதியைத் தருவதற்குத் தடை ஏதும் இல்லை. இதற்கு மாறாக, பேட்டரிச் சிக்கன ஏற்பாட்டினின்று செயலிக்கு விலக்கு அளிப்பது பெரும்பாலும் தீங்கற்றது. அவ்விலக்கு இன்மையால் கைபேசி செயலியை உறங்க வைத்துவிடுவதே இணைப்பு அடிக்கடி அறுபடுவதற்குரிய காரணங்களுள் ஒன்று.

சாதாரண மனிதர் எத்தனை அடி நடந்தார் என்பதை அறிந்து ஒருவர் என்ன செய்துவிடப் போகின்றார் என்று வினவுவோர் உண்டு. இவ்வினாவுக்கு 2018-ஆம் ஆண்டின் நிகழ்ச்சி ஒன்று தக்க விடையாகும். உடற்பயிற்சி செய்வோரின் பாதைகளைப் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா என்னும் செயலி, தன் பயனாளிகள் ஓடிய பாதைகளையெல்லாம் ஒன்றுசேர்த்து, பெயர் ஏதுமின்றி, உலகப்படம் ஒன்றை 2017 நவம்பரில் வெளியிட்டது. அடுத்த ஜனவரியில் அப்படத்தை ஆராய்ந்தவர்கள், சிரியா, ஆப்கானிஸ்தான் போன்ற நாடுகளின் ஆளரவமற்ற பகுதிகளில் ஒளிக்கோடுகளைக் கண்டனர். அவை இராணுவ முகாம்களில் வீரர்கள் ஓடிப் பயிற்சி செய்த தடங்கள். தனித்தனியே அற்பமாகத் தோன்றிய விவரங்கள் ஒன்றுசேர்ந்தபோது இரகசியம் வெளிப்பட்டது. நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரே வழியில் செல்லும் களப்பணியாளர் எப்பொழுது வீட்டில் இல்லை என்பதும் இத்தகைய விவரமே.

இந்திய நாட்டின் சட்டமும் இக்கருத்தையே வலியுறுத்துகின்றது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் என்பது வற்புறுத்தலின்றியும், குறிப்பிட்ட பயனுக்காகவும், விவரம் அறிந்தும் தரப்படுவதாக இருத்தல் வேண்டும் என்கின்றது. தொலைமருத்துவச் செயலி ஒன்று தொடர்பு எண்களையும் கேட்பதை அச்சட்டமே உதாரணமாகக் காட்டி, மருத்துவ சேவைக்கு அவை தேவையற்றவையாதலின் சம்மதம் அவற்றுக்குச் செல்லாது என்று விளக்குகின்றது. சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுள் ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பு அளிக்கப்பட வேண்டும் என்பதும் அதன் ஏற்பாடு. இதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன. பிரிவுகள் படிப்படியாக நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டுள்ளன. எனினும், சட்டம் தமிழில் படிக்கும் வாய்ப்பை அளித்தாலும், படிக்காமலே கைபேசியைப் பிறர் கையில் கொடுத்துவிடுபவருக்கு அதனால் விளையும் பயன் யாதுமில்லை.

களப்பணியாளருக்கு இதில் மேலும் ஓர் அக்கறை உண்டு. சண்டிகர், நாகபுரி முதலிய நகரங்களில் துப்புரவுப் பணியாளர்களுக்கு, இருக்குமிடத்தை அறிவிக்கும் கைக்கடிகாரங்கள் வழங்கப்பட்டதும், தங்கள் அந்தரங்கம் பாதிக்கப்படுவதாக அவர்கள் ஆட்சேபித்ததும் பத்திரிகைகளில் வெளிவந்த செய்திகள். மேலதிகாரிகளின் கண்காணிப்பு முழுவதுமே தவறு என்று கூறுதல் பொருந்தாது. வருகைப் பதிவேடும் ஒருவகைக் கண்காணிப்பே. ஆனால், அலுவலகம் தரும் பட்டையைப் பணியாளரின் சொந்தக் கைபேசியோடு பிணைக்கச் சொல்லும்போது நிலைமை மாறிவிடுகின்றது. அலுவல் நேரம் முடிந்த பின்னரும் அப்பட்டை எண்ணிக்கொண்டேயிருக்கும். உறக்கத்தையும் நாடியையும் குறித்துக்கொண்டேயிருக்கும். எவ்விவரம் எவருக்குச் செல்லும், எத்தனை காலம் வைக்கப்படும் என்பனவற்றை அலுவலகம் எழுத்து மூலம் முன்கூட்டியே தெரிவிப்பதே முறையாகும்.

பட்டையைத் திருப்பித் தரும்போதும், பிறருக்கு விற்கும்போதும் முதலில் செயலியிலிருந்து அதனை விடுவித்து, பின்னர் பட்டையைத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுவர வேண்டும். விடுவிக்கப்படாத பட்டையைச் சில நிறுவனங்களின் செயலிகள் புதியவரின் கணக்கில் ஏற்றுக்கொள்வதில்லை.

ஆசிரியர்களின் பொறுப்பு இதனினும் பெரிது. 18 வயது நிரம்பாதோரின் விவரங்களுக்குப் பெற்றோரின் சம்மதம் தேவை என்பது மேற்கூறிய சட்டத்தின் பொது விதி. சிலவகை நிறுவனங்களுக்கும் பயன்களுக்கும் விதிவிலக்குகள் உண்டு. விதிவிலக்கு இருப்பினும், மாணவர் கையில் பட்டை கட்டும் முன் பெற்றோரிடம் விளக்கிக் கூறுதல் நன்மரபாகும். இப்பொருளையே ஒரு பாடமாக நடத்தவும் இயலும். ஒரே ஒரு பட்டையையும் ஒரு கைபேசியையும் வைத்துக்கொண்டு, எத்தனை அடி தொலைவில் இணைப்பு அறுகின்றது, இடையில் சுவரோ மனிதரோ நின்றால் என்ன நேர்கின்றது என்று மாணவரைக் கொண்டே அளக்கச் செய்யலாம். மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் எண்ணிய நாடித்துடிப்பைப் பட்டை காட்டும் எண்ணோடு ஒப்பிடச் செய்யலாம். பட்டை, தோலில் பச்சை ஒளியைப் பாய்ச்சித் திரும்பி வரும் ஒளியின் ஏற்றத்தாழ்விலிருந்து நாடியைக் கணிக்கின்றது. கை அசைந்தால் அக்கணிப்புப் பிறழக் கூடும் என்பதை மாணவர் நேரில் காண்பர். இறுதியில் அனுமதி வினாக்களை ஒவ்வொன்றாக உரக்கப் படிக்கச் செய்து, 'இது எதற்கு?' என்று வகுப்பையே கேட்கலாம்.

உற்பத்தியாளர்கள் நல்ல தமிழில் கையேடு தருவதும், செயலிகள் பிணைப்பையும் இணைப்பையும் வேறுபடுத்திச் சொல்வதும் விரைவில் நடைபெற வேண்டியவை. அவை நடைபெறும் வரையில் காத்திருக்க வேண்டுவதில்லை. புதிய பட்டை வாங்குபவர் அதனைத் தாமே கையில் எடுத்துக்கொண்டு, கால்மணி நேரத்தை ஒதுக்கி, ஒவ்வொரு வினாவையும் படித்து விடை தரலாம். முன்னரே பிறரால் பிணைக்கப்பட்ட பட்டையை அணிந்திருப்போர், கைபேசியின் அமைப்புப் பக்கத்தில் அச்செயலிக்குத் தரப்பட்டுள்ள அனுமதிகளை இன்றே பார்வையிட்டு, வேண்டாதவற்றை நீக்கிவிடலாம். அதற்குச் செலவு ஏதுமில்லை. சில நிமிடப் பொறுமை ஒன்றே போதும்.