சொன்னால் போதுமா? புரிய வேண்டாமா?

அண்மையில் அடுகோடியில் ஒரு விளக்கக் கூட்டம். வீட்டுக் காத்தாவைக் கணினியில் பதிவது எப்படி என்று மக்களுக்குச் சொல்லித் தர ஓர் அலுவலகத்தார் ஏற்பாடு செய்திருந்தார்கள். நல்ல நோக்கம்தான். நானும் போயிருந்தேன்.

விளக்கை அணைத்தார்கள். திரையில் ஒன்றன்பின் ஒன்றாகப் படங்கள் ஓடின. எல்லாம் ஆங்கிலம். எழுத்தோ எறும்பு சாரி. பேச வந்தவர் மக்களைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்து வாசித்துக்கொண்டே போனார். முக்கால் மணி நேரம் ஆயிற்று.

முடிவில் ஒரு மூதாட்டி எழுந்து, "சார், நான் எந்தெந்தப் பேப்பர் எடுத்துக்கிட்டு வரணும்?" என்று கேட்டார். "அதெல்லாம் பத்தொன்பதாவது படத்திலேயே காட்டியாச்சே, அம்மா!" என்று பதில் வந்தது. அந்த அம்மாள் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் அவர் யாரிடம் போயிருப்பார்? தரகரிடம்தான்! விளங்காத விளக்கத்துக்கு ஏழை கொடுக்கும் அபராதம் அது.

உயிரைப் பறித்த குழப்பம்

இது படிக்காதவர்களின் தொல்லை என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். 2003 ஜனவரியில் கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேருடன் கொலம்பியா விண்கலம் புறப்பட்டது. புறப்படும்போதே நுரைப்பொருள் துண்டு ஒன்று பிய்ந்து, இடது இறக்கையில் மோதியது. கலம் வானில் இருக்கையிலேயே பொறியாளர்கள் ஆராய்ந்து, மேலதிகாரிகளுக்குத் திரையில் படம் போட்டு விளக்கினார்கள்.

அதில் ஒரு படத்தின் தலைப்பு, கவலைப்பட ஒன்றுமில்லை என்று எண்ணும்படி இருந்தது. மோதிய துண்டு, சோதனையில் பயன்படுத்திய துண்டைவிடச் சுமார் 640 மடங்கு பெரிது. இந்த உண்மையோ அடியில், சிறிய எழுத்தில் கிடந்தது! பிப்ரவரி 1 அன்று கலம் திரும்பும்போது சிதறி, எழுவரும் மாண்டனர். அந்த ஒரு படம்தான் காரணம் என்று சொல்லவில்லை. ஆனால், அதைப் படித்த அதிகாரிக்கு உயிராபத்து என்றே உறைக்காமல் போயிருக்கலாம் என்று விசாரணைக் குழுவே எழுதியது. மெத்தப் படித்தவர்களுக்கே இந்தக் கதி!

அடுகோடி கண்ட பாடம்

சரியான வழிக்கு நாம் தொலைவில் தேட வேண்டியதில்லை. 1927இல் உடல்நலம் தேறப் பெங்களூர் வந்திருந்த காந்தியடிகள், இதே அடுகோடியில் இருந்த அரசுப் பால் பண்ணையில் மாடு வளர்ப்பு பற்றிப் பாடம் கேட்டார். மாட்டைப் பற்றிய பாடம் மாடு நிற்கும் இடத்திலேயே நடந்தது. கேட்கிறவர் கண்ணால் கண்டு, சந்தேகம் கேட்டுத் தெளியலாம். அதுவல்லவா விளக்கம்!

காத்தாவைப் பற்றிச் சொல்கிறவரும் நிரப்பிய படிவத்தையும், பழைய வரி ரசீதையும், பத்திரத்தையும் கையில் தூக்கிக் காட்டட்டும். "இந்த எண் இங்கே இருக்கிறது, பாருங்கள்" என்று விரல் வைத்துச் சொல்லட்டும். முக்கியமானதை முதலில் சொல்லட்டும். ஒரு படத்தில் ஒரே செய்தி போதும். கடைசி வரிசைக்கும் எழுத்துத் தெரிய வேண்டும். கன்னடத்தில் சொல்லட்டும், அது இந்த மாநிலத்தின் மொழி, நம்மவரில் பெரும்பாலோருக்குப் புரியும். புரியாத முதியோருக்குத் தமிழில் இரண்டு வார்த்தை சொல்ல ஆள் இருந்தால் இன்னும் நல்லது. வீட்டுக்கு எடுத்துச் செல்ல ஒரு துண்டுத் தாள் கொடுக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, முடிவில் கூட்டத்தில் ஒருவரை எழுப்பி, "நாளை என்ன கொண்டு வருவீர்கள்?" என்று கேட்கட்டும். அவர் சரியாகச் சொன்னால் பேசியவர் வெற்றி பெற்றார். சொல்லாவிட்டால் தவறு கேட்டவருடையது அன்று.

அதிகாரிகளை மட்டும் குறை கூறுவானேன்? நம் சங்கங்களின் ஆண்டுக் கூட்டத்திலும் வரவு செலவுக் கணக்கை மூச்சு விடாமல் வாசித்துவிட்டுக் கைதட்டு வாங்குகிறோமே! வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு, மீதி எவ்வளவு என்று மூன்று வரியைக் கரும்பலகையில் எழுதினால் என்ன?

புரியாமல் தட்டும் கைதட்டு யாருக்கும் பெருமை அல்ல. அந்த மூதாட்டி இனி தரகர் வீட்டுப் படி ஏறாமலிருந்தால், அதுவே பேச்சாளருக்குக் கிடைக்கும் மாலை!