சும்மா விளையாடினால் என்ன?

கடந்த டிசம்பர் விடுமுறையில் பெந்தோட்டைக்குப் போயிருந்தோம். ஆற்றில் ஒரு படகு இரைந்துகொண்டு போக, அதன் பின்னால் கயிற்றைப் பிடித்தபடி நீரின் மேல் சறுக்கி வந்தாள் ஒரு பெண். இரண்டு தரம் விழுந்தாள். விழுந்த இடத்திலேயே மிதந்துகொண்டு சிரித்தாள். பார்த்துக்கொண்டிருந்த மாமா, "இவ ஏதும் போட்டிக்குப் பழகுறாவோ?" என்று கேட்டார். இல்லை, சும்மாதான் என்றார் படகுக்காரர். "சும்மாவா?" என்று மாமா திரும்பக் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

நீர்ச்சறுக்கு தொடங்கியதே சும்மாதான். 1922இல் அமெரிக்காவின் பெப்பின் ஏரியில், ரால்ஃப் சாமுவேல்சன் என்ற இளைஞர், தனது 19ஆவது பிறந்தநாளுக்கு முதல் நாள், நுனி வளைத்த இரண்டு பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு படகின் பின்னால் எழுந்து நின்றார். அந்நாட்டின் முதலாவது தேசியப் போட்டி நடந்ததோ 1939இல். இடையில் 17 வருடங்கள். என் வயது!

போட்டியை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. நீர்ச்சறுக்கில் 'ஸ்லாலம்' என்றொரு பிரிவு உண்டு. ஆறு மிதவைகளை வளைந்து வளைந்து சுற்றி வர வேண்டும். தவறாமல் சுற்றினால் படகின் வேகத்தைக் கூட்டுவார்கள். பெண்களுக்கு மணிக்கு 55 கிலோமீற்றர் வந்ததும் வேகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, 18.25 மீற்றர் கயிற்றைக் குறைத்துக்கொண்டே போவார்கள். மிதவைகள் படகுப் பாதையின் நடுவிலிருந்து 11.5 மீற்றர் தள்ளி இருக்கும். கயிறு அதைவிடக் குறுகிவிட்டால் உடம்பை நீட்டித்தான் சுற்றலாம். அந்த எட்டலைச் சும்மா சறுக்குகிறவர் அறிய மாட்டார்.

ஆனால் எங்கள் கதை வேறு. சிறிய வகுப்பில் நானும் வலைப்பந்துப் பயிற்சிக்குப் போனேன். அணியின் பெயர்ப்பட்டியல் ஒட்டப்பட்ட அன்று, பெயர் இல்லாத நாங்கள் கோர்ட்டை விட்டு இறங்கினோம். அதன்பின் யாரும் எங்களை வரவேண்டாம் என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. நானா அந்தியில் பந்தோடு வெளியே போனால் வீட்டில் கேள்வி இல்லை. நான் போவதென்றால், "என்ன போட்டி? சேர்டிபிகேட் தருவாங்களா?" சான்றிதழ்தான் எங்களுக்கு அனுமதிச்சீட்டு. பல்கலைக்கழக அனுமதியில் விளையாட்டுத் திறமைக்கும் ஓர் இடம் உண்டு என்பதால் பெற்றோர் கேட்பதில் நியாயம் இல்லாமலும் இல்லை.

ஹாலிஎலப் பக்கத் தோட்டத்துத் தோழி ஒருத்திக்கும் இதே நிலைதான். வலயப் போட்டி என்றால் அவளுடைய அப்பா எப்படியாவது பஸ் காசு தேடிக் கொடுப்பார். சும்மா விளையாட என்றால் முடியாது. அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு வரும் வரை தம்பியைப் பார்க்க வேண்டும். அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தியை நாம் மத்ரஸாவிலேயே படித்திருக்கிறோம். முதல் முறை ஆயிஷா (ரழி) வென்றார்கள். பிறிதொரு காலத்தில் நபியவர்கள் வென்றார்கள், அதற்கு இது சரி என்றார்கள். வெற்றியும் இருந்தது, தோல்வியும் இருந்தது. கிண்ணம் இல்லை. மேடைகளில் இதை வாழ்க்கைத் துணையிடம் காட்டும் அன்புக்கு உதாரணமாகச் சொல்கிறார்கள். சரிதான். ஒரு பெண் மகிழ்ச்சிக்காக ஓடியதற்கும் அது உதாரணம் அல்லவா?

அணிக்குப் பயிற்சி இல்லாத நாட்களில் எங்கள் கோர்ட் வெறுமையாகவே கிடக்கிறது. வாரத்தில் ஒரு நாள், பாடசாலை விட்டபின் ஒரு மணித்தியாலம், பட்டியலில் பெயர் இல்லாதவர்களுக்கு அதைத் தாருங்கள். மதிலுக்குள்தான் இருப்போம். டீச்சர் ஒருவர் நின்றால் போதும். பெற்றோரே, அன்று பிள்ளை பிந்தி வந்தால் சான்றிதழ் எங்கே என்று கேட்காதீர்கள்.

இதை எழுதிவிட்டு உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். உம்மா பத்தாம் வகுப்பு வரை கோல் சூட்டராம். எனக்கு இதுவரை தெரியாது. "தாய்மாரும் வரலாமா?" என்று கேட்டார்.