காலணிக்குள் தண்ணீர்

சைலஸ் வெயர் மிட்செல் என்ற அமெரிக்க மருத்துவர் இலக்கிய வாசகர்களுக்குப் பெரும்பாலும் ஒரு வில்லனாகவே அறிமுகமாகிறார். சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் 1892இல் வெளியிட்ட 'மஞ்சள் சுவர்த்தாள்' சிறுகதையில் அவர் பெயர் ஓர் அச்சுறுத்தலாக வருகிறது. 1887இல் கில்மனுக்குப் படுக்கை ஓய்வை விதித்து, இனிப் பேனாவைத் தொடாதே என்று சொல்லி அனுப்பியவர் அவர். நியாயமான குற்றச்சாட்டுதான். ஆனால், கைகால்களின் நரம்புக் காயங்களை அடையாளம் காணும் முறைக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவரும் இதே மனிதர்தான். கில்மனிடம் அவர் காட்ட மறுத்த பொறுமையைக் கொண்டுதான் அதைச் செய்தார் என்பதே எனக்கு உறுத்துகிறது.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ஃபிலடெல்ஃபியாவின் டர்னர்ஸ் லேன் மருத்துவமனைக்கு நரம்பில் காயம்பட்ட வீரர்கள் அனுப்பப்பட்டார்கள். மிட்செல், மோர்ஹவுஸ், கீன் மூவரும் அங்கே கண்டவற்றை 1864இல் நூலாக்கினார்கள். குண்டு மேற்கையைத் துளைத்துச் சென்றிருக்கும், காயமும் ஆறியிருக்கும். ஆனால் உள்ளங்கை தீயில் வைத்தாற்போல எரியும், தோல் பளபளக்கும். நரம்பின் மின்னோட்டத்தை அளக்கும் இன்றைய கருவிகள் அன்று இல்லை. நோயாளி சொன்னதும் செய்ததுமே சான்று. அவர்கள் கையை ஈரத்துணியால் சுற்றிக்கொண்டார்கள். வறண்ட உராய்வு எதுவும் எரிச்சலைக் கிளப்பியதால் காலணிக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நடந்தவர்களும் உண்டு. செய்தித்தாளின் சலசலப்பும் அடுத்தவர் நடந்துபோகும் அதிர்வும்கூட வலியைக் கூட்டின. வேறொருவர் பைத்தியம் என்று தள்ளியிருக்கக்கூடிய இவற்றை மிட்செல் நோயின் குறிகளாக எழுதிவைத்தார். (நடிப்பவர்களை ஈதர் மயக்கம் கொடுத்துக் கண்டுபிடிப்பது பற்றியும் இம்மூவரே எழுதினார்கள், அப்பாவித்தனமாக எல்லாவற்றையும் நம்பியவர்கள் அல்லர்.)

மிட்செல் கதாசிரியரும்கூட. கைகால் நான்கையும் இழந்த ஒருவனைப் பற்றிய 'ஜார்ஜ் டெட்லோவின் கதை' 1866இல் அட்லாண்டிக் இதழில் பெயரின்றி வந்தபோது, உண்மையென்று நம்பி வாசகர்கள் பணம் அனுப்பினார்கள். ஆவியழைப்புக் கூட்டத்தில் இழந்த கால்கள் திரும்பி வருவதாக அக்கதை முடிகிறது. சாமர்த்தியமான கதை, அவ்வளவே. காலணிக்குள் தண்ணீர் ஊற்றிய வீரனைப் பற்றிய மருத்துவக் குறிப்புதான் அவருடைய மேலான உரைநடை என்பேன்.

முதல் உலகப் போரில், 1915இல், பிரெஞ்சு மருத்துவர் ழூல் தினெல் இன்னொரு குறியை விவரித்தார். அறுந்த நரம்பின் பாதையில் விரலால் தட்டினால், அந்நரம்புக்குரிய பகுதியில் எறும்பு ஊர்வது போல இருக்கிறது என்பான் நோயாளி. தினெல் பயன்படுத்திய பிரெஞ்சுச் சொல்லும் எறும்பிலிருந்து வந்ததுதான். வாரங்கள் செல்லச்செல்ல, தட்டினால் எறும்பு ஊரும் இடம் விரல்நுனியை நோக்கி நகர்ந்தால் நரம்பு வளர்கிறது. அதன் வேகம் ஏறத்தாழ நாளொன்றுக்கு 1 மில்லிமீட்டர். நகராமல் நின்றுவிட்டால், தைப்பதா, வேறிடத்து நரம்பை ஒட்டுவதா என்று அறுவை மருத்துவர் யோசிக்க வேண்டும். காலம் இங்கே கறாரானது. ஓராண்டு, ஒன்றரை ஆண்டு நரம்பில்லாமல் கிடந்த தசைக்குப் பிறகு நரம்பு வந்து சேர்ந்தாலும் பயன் சொற்பம்.

ஆகவே நோயாளியின் சொல்லைத் தவறவிடுவதன் விலை சில சமயம் ஒரு கை. தமிழில் அச்சொற்களுக்குப் பஞ்சமில்லை: மரத்துப்போகிறது, எரிகிறது, குடைகிறது, சுள்ளென்கிறது, விண்விண் என்று தெறிக்கிறது. மரத்துப்போவது வேறு, எரிவது வேறு. இரண்டும் ஒரே கையில் இருக்கவும் கூடும். மருத்துவக் குறிப்பேட்டில் இவையனைத்தும் 'வலி' என்ற ஒரே ஆங்கிலச் சொல்லாகச் சுருங்கிவிடுவதை நான் ஏற்கவில்லை. நோயாளி சொன்ன தமிழ்ச்சொல்லை அப்படியே எழுதிவைத்தால் என்ன?

அதற்குமேல் ஒரு கேள்வி போதும்: எந்த விரல்? சுண்டுவிரலும் மோதிரவிரலில் பாதியும் மரத்திருந்தால் முழங்கையின் உட்புறமாகச் செல்லும் நரம்பை முதலில் சந்தேகிக்க வேண்டும். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் என்றால் மணிக்கட்டின் நடுநரம்பை. மேற்கை எலும்பு முறிந்தபின் மணிக்கட்டைத் தூக்க முடியாமல் கை தொங்கினால், அந்த எலும்பைச் சுற்றிச் செல்லும் ஆரை நரம்பை.