பர்னர் தானே நிற்பதன் பொருள்

தொழிற்சாலைக் கொதிகலன்களைப் பற்றிய அச்சம் நெடுங்காலமாக நீராவி அழுத்தத்தையே சுற்றிவந்துள்ளது. 1923ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் சட்டத்தின் கீழ் வளர்ந்த ஆய்வு மரபும் உடற்கலன், குழாய்கள், பாதுகாப்பு வால்வு ஆகியவற்றிலேயே பெரிதும் கவனம் செலுத்தியது. ஆனால் எண்ணெயிலோ எரிவாயுவிலோ இயங்கும் கொதிகலனில் ஆபத்து அதற்கு முன்பே, எரிபொருளும் காற்றும் கலக்கும் உலை அறையிலேயே தொடங்கிவிடுகிறது. காற்றில் 5 முதல் 15 விழுக்காடு வரை மீத்தேன் கலந்திருந்தால் ஒரு பொறியே வெடிப்புக்குப் போதும். மணிக்கு 100 கன மீட்டர் எரிவாயுவை எரிக்கும் பர்னரில் சுடர் அணைந்த பிறகும் வால்வு 4 வினாடி திறந்திருந்தால் ஏறத்தாழ 111 லிட்டர் வாயு உள்ளே சேரும். அது காற்றோடு கலக்கும்போது ஒரு கன மீட்டருக்கும் மேற்பட்ட வெடிகலவை உருவாகிவிடும். மனிதக் கண்ணையும் கையையும் நம்பி இந்த நேரக் கணக்கில் பர்னரை இயக்க முடியாது.

பர்னரின் மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி முதலில் மின்விசிறியை மட்டும் ஓட்டி உலையில் தங்கிய வாயுவை வெளியேற்றுகிறது. பர்ஜ் எனப்படும் இக்கட்டம் முடிந்த பின்னரே பற்றவைப்புப் பொறியையும் எரிபொருள் வால்வையும் அனுமதித்து, குறித்த சில வினாடிகளுக்குள் சுடர் தெரியாவிட்டால் வால்வை மூடி 'லாக்-அவுட்' நிலைக்குப் போய்விடுகிறது. சுடர் உண்டா என்று அது அறியும் முறை வியக்கத்தக்கது. எரிவாயு பர்னரில் சுடருக்குள் நீளும் உலோகக் கம்பிக்கு மாறுதிசை மின்னழுத்தம் தரப்படுகிறது. சுடரின் அயனிகள் மின்சாரத்தைக் கடத்தினாலும், கம்பியைவிடப் பர்னர் தலையின் பரப்பு பல மடங்கு பெரிது என்பதால் ஒரு திசையில் மிகுதியாகவும் மறுதிசையில் குறைவாகவும் பாய்ந்து, சில மைக்ரோஆம்பியர் அளவுக்கு ஒருதிசை மின்னோட்டம் எஞ்சுகிறது. கம்பி பழுதாகிப் பர்னரின் உடலைத் தொட்டுவிட்டாலோ மின்சாரம் இரு திசையிலும் சமமாகவே பாயும் என்பதால், கருவி அதைச் சுடர் என்று ஏற்பதில்லை.

இத்தனை கவனத்தோடு வகுக்கப்பட்ட காப்பை உற்பத்தி அவசரம் எளிதில் தோற்கடித்துவிடுகிறது. பர்னர் நின்றதும் காரணம் தேடாமல் ரீசெட் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்துவது வெறும் ஒழுங்கீனம் அன்று. பர்ஜ் காற்று ஆவியை வெளியேற்றுமே தவிர, பற்றாமல் பீய்ச்சப்பட்டு உலைத்தரையில் தேங்கிய எண்ணெயை வெளியேற்றாது. சூடான செங்கல்லில் பட்டு அந்த எண்ணெய் ஆவியாகும் நேரத்தில் அடுத்த பொறி விழுகிறது. தடைசெய்யும் ஸ்விட்சுக்குக் குறுக்கே ஜம்பர் வயர் போட்டு ஓட்டுவதோ இதனினும் கொடிது. தண்ணீர் மட்டம் குறைந்தால் பர்னரை நிறுத்த வேண்டிய மிதவை ஸ்விட்ச் அப்படி முடக்கப்பட்டால், நீரற்ற குழாய்கள் பழுக்கக் காய்ந்து வலுவிழக்கும் வரை எவருக்கும் செய்தி எட்டாது.

பழி முழுவதையும் கொதிகலன் இயக்குநர் மீது சுமத்துவது நியாயமன்று; நீராவி நின்றால் அவரிடம் காரணம் கேட்கும் நிர்வாகம், பர்னர் ஏன் நின்றது என்று கேட்பது அரிது. பல புதிய கருவிகள் ஒவ்வொரு லாக்-அவுட்டையும் காரணக் குறியீட்டோடு பதிந்து வைக்கின்றன. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டுச் சட்டம் வந்துள்ள இவ்வேளையில், ஆண்டு ஆய்வில் நீரழுத்தச் சோதனைக்கு நிகராக அப்பதிவுகளும் கேட்டுப் பார்க்கப்பட வேண்டும். எண்ணெய் பர்னர் எரியும்போது, சுடரின் ஒளியை உணரும் போட்டோசெல்லைக் கழற்றி மறைத்து, வால்வு எத்தனை வினாடியில் மூடுகிறது என்று ஆய்வாளர் முன்னிலையில் காட்டச் சொல்வதற்குச் சில நிமிடங்களே ஆகும்.