மஞ்சள் முள்ளங்கியும் அம்மாவின் கேள்வியும்



கேரட்டுக்குத் தமிழில் மஞ்சள் முள்ளங்கி என்றும் ஒரு பெயர் உண்டு. ஆனால் கேரட் என்றால் மஞ்சள் மட்டும்தானா? மத்திய ஆசியாவில் மனிதன் முதன்முதலில் பயிரிட்ட கேரட் ஊதாவும் மஞ்சளுமாக இருந்தது. ஆரஞ்சு நிறம் பின்னாளில் ஐரோப்பாவில் பெருகியது. இன்று நம் டில்லி வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனமே 'பூசா ருதிரா' என்ற சிவப்பு இரகத்தையும், 'பூசா அசிதா' என்ற கறுப்பு இரகத்தையும் தந்திருக்கிறது. ஆரஞ்சுக்குக் காரணம் பீட்டா கரோட்டின்; சிவப்புக்கு லைகோபீன்; ஊதாவுக்கும் கறுப்புக்கும் ஆந்தோசயனின்.

வகுப்பில் படித்ததைக் கண்ணால் காண ஆசைப்பட்டேன். காந்திகிராமத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில், கார்த்திகையில் சிவப்புக் கேரட் விதைத்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். "மம்பட்டி புடிக்கவா உன்னைக் காலேசுக்கு அனுப்புனேன்?" என்றார், கூலி வேலைக்குப் போய் என்னைப் படிக்கவைக்கும் என் அம்மா.

விதை மிகப் பொடி. மணலோடு கலந்து, விரல் நுனி ஆழத்தில் தூவினேன். இரண்டு வாரத்தில் முளைத்தது. நெருக்கமான நாற்றுகளைக் களைந்தேன். மாசியில் பிடுங்கியபோது பாதிக் கிழங்குகள் இரண்டு கால் முளைத்தவைபோல் கிளைத்திருந்தன. சிரித்த அம்மாவே காரணமும் சொன்னார்: "கல்லைப் பொறுக்கினியா?" வேர் நுனி கல்லில் முட்டினால் பிளவுபடும் என்பதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன், அவர் மண்ணில் படித்திருந்தார்!

அடுத்து அவர் கேட்ட கேள்விதான் என்னை எழுதவைத்தது. "இதுல விதை எடுக்க முடியாதா? வருசா வருசம் காசு குடுத்தா வாங்கணும்?" கத்தரிக்கும் அவரைக்கும் சாம்பலில் புரட்டி விதை சேர்ப்பவர் அவர். பட்டம் படிக்கும் நான் விழித்தேன்.

தேடிப் படித்தபின் விடை கிடைத்தது. நம் கொடைக்கானல் மலையில் விளையும் ஆரஞ்சு இனம், சில வாரங்கள் கடுங்குளிரில் கிடந்தால்தான் பூக்கும். சிவப்பு, கறுப்பு ஆகிய ஆசிய இனங்களுக்கு அவ்வளவு குளிர் வேண்டியதில்லை. வடநாட்டுச் சமவெளிகளிலேயே அவற்றில் விதை எடுக்கிறார்கள். குஜராத்தின் ஜூனாகத் மாவட்டத்து உழவர் வல்லபபாய் மார்வானியா, தம் நிலத்தில் நல்ல கிழங்குகளைத் தேர்ந்து விதையெடுத்தே 'மதுவன் கஜர்' என்ற இரகத்தை உருவாக்கினார். 2019-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஓர் உழவர் செய்ததை ஒரு கல்லூரி செய்ய முடியாதா?

ஆகவே என் கருத்து இது. நம் தாவரவியல் தோட்டத்தில் ஒரு பாத்தி ஒதுக்குவோம். பூச்சிகள் மகரந்தத்தைக் கலந்துவிடும். எனவே ஒரே நிறத்தை மட்டும் வளர்ப்போம். கலப்பின விதையைத் தவிர்ப்போம். அதன் பிள்ளை தாயைப்போல் வராது. சிறந்த கிழங்குகளின் தலைப்பகுதியை மீண்டும் நட்டு, திண்டுக்கல் வெயிலில் பூக்கிறதா என்று நாமே சோதிப்போம். பூத்தால், ஆளுக்கொரு பிடி விதை வீட்டுக்குப் போகட்டும். பூக்காவிட்டால், அதையும் அடுத்த ஆண்டு மலரில் எழுதுவோம்.

அம்மாவின் கேள்விக்கு விடை தேடாத அறிவியல், தேர்வுத்தாளோடு முடிந்துபோகும் அறிவியல்தானே, நண்பர்களே?

— இளம் அறிவியல், இரண்டாம் ஆண்டு மாணவி